52இல் 17 போனால் 45: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கல்வி உளவியல்

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு நோட்டை நீட்டுகிறாள். 52லிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லியிருந்தோம். விடை 45 என்று எழுதியிருக்கிறாள்.

சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டைத் திறக்க இரண்டு விநாடி போதும். நாற்பது நோட்டுகள் காத்திருக்கும்போது பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் திருத்தினேன். ஆனால் கொஞ்சம் நிதானித்து, அதே பக்கத்தில் உள்ள மற்ற கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். 86−32க்கு 54 என்று சரியாக எழுதியிருக்கிறாள். 60−23க்கு 43 என்று எழுதியிருக்கிறாள். ஒன்றுகள் இடத்தில் மேலே இருப்பது சிறிய எண்ணாக இருந்தால், கீழே இருப்பதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறாள். இரண்டில் ஏழு போகாது. ஏழில் இரண்டு போகும், ஐந்து. ஐந்தில் ஒன்று போக நான்கு. ஆக 45. இவளிடம் 91−58 கொடுத்தால் 47 என்று எழுதுவாள் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

கவனக்குறைவு இத்தனை ஒழுங்காக வராது. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்ற விதியை அவள் ஒரு பிசகுமில்லாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? முதல் வகுப்பில் நாம்தான். ஓரிலக்க எண்களோடு நின்றவரை அது சரியான விதியாகவும் இருந்தது.

கல்வி உளவியல் என்றவுடன் பெயர்களும் ஆண்டுகளும் 'கோட்பாடுகள்' என்ற தலைப்புமாகத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பாடம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தேர்வு முடிந்ததும் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், அந்த 45ஐ வாசிக்கக் கற்றுத்தரும் பாடம் அது. தவறான விடைக்குள் குழந்தை எப்படி யோசித்தது என்ற தடம் இருக்கிறது. அதைப் பின்தொடரத் தேவையான சில கருத்துகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தவறுகளை எண்ணியவர்

ஜீன் பியாஜே 1896இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் முனைவர் பட்டம் வாங்கியது உளவியலில் அல்ல. நத்தை, சிப்பி வகை மெல்லுடலிகளைப் பற்றிய ஆய்வுக்கு. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆங்கிலத்தில் உருவான ஒரு சிந்தனைத் திறன் சோதனையைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குத் தரப்படுத்த வேண்டும். எந்த வயதில் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பியாஜேயின் கவனம் சரியான விடைகளில் நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்வதைக் கண்டார். இவர்கள் குறைவாக யோசிப்பவர்கள் அல்லர், வேறு விதமாக யோசிப்பவர்கள் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுப்பட்டது.

அவர் சொன்னதன் சாரம் இது. குழந்தையின் மனத்தில் உலகத்தைப் பற்றிய சட்டகங்கள் இருக்கின்றன. நூல்கள் இவற்றை ஸ்கீமா என்று எழுதும். புதிதாக ஒன்று வரும்போது குழந்தை முதலில் அதை இருக்கிற சட்டகத்துக்குள் அடைக்கப் பார்க்கும். இது தன்வயமாக்குதல். எவ்வளவு முயன்றும் அடங்கவில்லை என்றால் சட்டகத்தையே மாற்றிக்கொள்ளும். இது பொருந்துதல். முதலாவது சுலபம். இரண்டாவது நேரம் பிடிக்கும், சில சமயம் அழுகையும் வரும்.

தமிழ் எழுதப் பழகும் குழந்தையிடம் இதை நேரடியாகவே பார்க்கலாம். 'கா' எழுதும்போது முதலில் க, அடுத்து துணைக்கால். 'கி', 'கீ' என்றால் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே ஒரு வளைவு. ஒலி முதலில், குறி பிறகு என்ற சட்டகம் குழந்தையின் மனத்தில் உறைந்துவிடுகிறது. பிறகு 'கெ' வருகிறது. குழந்தை க எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பைப் போடுகிறது. நாம் "கொம்பு முன்னால் வரும் என்று எத்தனை தரம் சொல்வது?" என்று அலுத்துக்கொள்கிறோம். ஒலிக்கும் வரிசைப்படி பார்த்தால் குழந்தை எழுதியதில்தான் நியாயம் இருக்கிறது: க் முதலில், எ பிறகு. முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கும் விசித்திரம் நம் எழுத்தில் இருக்கிறது. "நீ எழுதியது கா, கி மாதிரி. இந்தக் கொம்பு மட்டும் வரிசையை மீறி முன்னால் ஓடிவிடும்" என்று அந்த விசித்திரத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், நூறு முறை எழுதச் சொல்வதைவிட விரைவில் வேலை முடிகிறது.

பியாஜே வகுத்த நான்கு நிலைகளைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும். சுருக்கமாகச் சொன்னால், பிறப்பு முதல் 2 வயது வரை புலனியக்க நிலை. ஏறத்தாழ 2 முதல் 7 வரை செயலுக்கு முற்பட்ட நிலை. 7 முதல் 11 வரை கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடியவற்றைக் கொண்டு தர்க்கமாகச் சிந்திக்கும் நிலை. அதற்குமேல் கருத்து அளவிலேயே சிந்திக்கும் நிலை. தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் இருப்பது நடு இரண்டும். குச்சியும் மணியும் விளையாட்டுச் சாமான்கள் அல்ல, அந்த வயதின் சிந்தனைக் கருவிகள் என்பதற்கு அடிப்படை இங்கே இருக்கிறது. வயதுக் கணக்கை மட்டும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பிள்ளை ஒரு விஷயத்தில் முன்னேயும் இன்னொன்றில் பின்னேயும் இருப்பது அன்றாடக் காட்சி.

கேள்வியும் ஒரு பொறிதான்

பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை ஒன்று. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகள். இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை ஆம் என்கிறது. பெரியவர் ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துவிட்டு மறுபடியும் கேட்கிறார். இப்போது நீளமான வரிசையில்தான் அதிகம் என்கிறது குழந்தை. வடிவம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற மாறாத்தன்மைக் கருத்து இன்னும் வரவில்லை என்பது பியாஜேயின் முடிவு.

1974இல் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் இதையே சற்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல. பெட்டியிலிருந்து வெளியே வந்து ஆட்டத்தைக் கெடுக்கும் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. கரடி கலைத்துவிட்டுப் போன பிறகு கேட்டபோது, 'சமம்தான்' என்று சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது.

இந்தச் சோதனையைப் பற்றி விவாதம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் வகுப்பறைக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், குழந்தை வில்லைகளைப் பற்றி யோசிப்பதில்லை, பெரியவரைப் பற்றி யோசிக்கிறது. 'முன்பு சொன்னது தவறு போலிருக்கிறது, அதனால்தான் மறுபடி கேட்கிறார்.' நம் வகுப்பில் இது தினமும் நடக்கிறது. சரியாகச் சொன்ன பிள்ளையிடம் "நன்றாக யோசித்துச் சொல்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே விடையை மாற்றிவிடும். எனவே, விடை சரியானாலும் தவறானாலும் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று ஒரே தொனியில் கேட்கும் பழக்கம் வேண்டும். தவறினால் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டால், சில வாரங்களில் அதுவே தவறுக்கான அறிவிப்பு மணியாகிவிடும்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, அதிகம் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது சொல்லும்போது அற்பமாகத் தெரியும். நாற்பது முகங்களுக்கு முன்னால் மௌனமாக நின்று எண்ணிப் பாருங்கள்.

சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்தவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. காசநோயால் 1934இல், 37 வயதில் இறந்துபோனார். குழந்தை தனியாகத் தானே கண்டுபிடிக்கும் ஆய்வாளர் என்பது பியாஜேயின் சித்திரம் என்றால், வைகாட்ஸ்கியின் சித்திரத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். தனியாகச் செய்ய முடிந்தவை ஒரு பக்கம், என்ன உதவி செய்தாலும் இப்போதைக்கு முடியாதவை மறுபக்கம். நடுவில் இருப்பது, யாராவது துணை நின்றால் முடியக்கூடியவை. அந்த நடுப்பகுதிக்கு அண்மை வளர்ச்சி மண்டலம் என்று பெயர். பெயர் மிரட்டலாக இருக்கிறதே தவிர, சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடும் தூரம்தான் அது.

அந்தத் துணைக்கு, கட்டட வேலையில் கட்டும் சாரம் என்ற உவமை 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திக் கோபுரம் கட்டும்போது, கற்றுத்தருபவர் எங்கே கை கொடுக்கிறார், எங்கே கையை எடுத்துக்கொள்கிறார் என்று அவர்கள் கவனித்தார்கள்.

நம் சிறுமிக்கு வருவோம். 52க்கு ஐந்து கட்டுக் குச்சிகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் அவள் முன் வைத்து, "இதிலிருந்து 17 குச்சி கொடு" என்று கேளுங்கள். ஒரு கட்டைத் தூக்கித் தந்துவிடுவாள். பிறகு ஏழு உதிரி வேண்டும். கையில் இரண்டுதான் இருக்கிறது. இங்கே நம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு. சில பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றுவார்கள். கழற்றாத பிள்ளையிடம், "இன்னும் குச்சி எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால், "இந்தக் கட்டுக்குள் எத்தனை?" என்று விரலால் தொட்டுக் காட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் நாமே ஒரு கட்டைப் பிரித்துக் காட்டி, அடுத்த கணக்கை அவளிடம் விடலாம். உதவியில் இப்படிப் படிகள் இருக்கின்றன. பெரும்பாலும் நாம் கடைசிப் படியிலிருந்தே தொடங்கிவிடுகிறோம்.

கட்டை ஒரு முறை கையால் பிரித்தவளுக்கு 'கடன் வாங்குதல்' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. (அந்தச் சொல் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. வாங்கிய கடனைத் திருப்பித் தருவதே இல்லையே என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.) குச்சிக்கு அடுத்து குச்சியின் படம், அதற்கடுத்து எண் மட்டும் என்று படிப்படியாகப் போக வேண்டும். நான்காம் வகுப்பிலும் குச்சியோடுதான் கழிக்கிறாள் என்றால், கட்டடம் எழும்பியும் சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டோம் என்று பொருள். துணை ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னைவிடச் சற்றே முன்னே போன தோழி சொல்வது சில வேளைகளில் நம் விளக்கத்தைவிட நன்றாக இறங்குகிறது, அவளுக்கு அந்தக் குழப்பம் இன்னும் மறக்கவில்லை என்பதால்.

சின்னஞ்சிறு மேசை

நினைவு என்றால் பெரிய களஞ்சியம்தான் நம் கண்முன் வரும். வகுப்பறையில் முட்டுக்கட்டையாக இருப்பது களஞ்சியம் அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் ஒரு சிறிய மேசை. அந்தந்த நேரத்துக்குத் தகவல்களைப் பிடித்துவைத்து வேலை செய்யும் இந்த இடத்தைச் செயல்படு நினைவு என்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கே ஒரே நேரத்தில் நான்கைந்து உருப்படிகளுக்கு மேல் அதில் தங்காது என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தைகளின் மேசை இன்னும் சிறியது.

"கணக்குப் புத்தகத்தை எடுங்கள், 34ஆம் பக்கம், மூன்றாவது கணக்கை நோட்டில் போடுங்கள், முடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டுங்கள்." சொல்லி முடித்த அரை நிமிடத்தில் ஒரு பையன் 34ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் சொல் பேச்சுக் கேளாதவன் அல்லன். மேசை நிரம்பி வழிந்துவிட்டது. மிஞ்சியது பக்க எண் மட்டும். இரண்டிரண்டாகச் சொல்லலாம், அல்லது கரும்பலகையில் எழுதிவிடலாம். குழந்தையின் 'ஒழுக்கப் பிரச்சினை' என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இப்படியே தீர்ந்துவிடும்.

52−17ஐ மறுபடி பாருங்கள். இரண்டில் ஏழு போகாது என்று கண்டுகொள்ள வேண்டும், பத்தில் ஒன்றைப் பிரிக்க வேண்டும், ஐந்து நான்காகிவிட்டதை நினைவில் வைக்க வேண்டும், பன்னிரண்டில் ஏழைக் கழிக்க வேண்டும். பன்னிரண்டில் ஏழு போனால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கும் பிள்ளை, எண்ணி முடிப்பதற்குள் ஐந்து நான்கானதை மறந்துவிடும். மனப்பாடத்தைப் பழிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறு கூட்டல் கழித்தல்களும் வாய்ப்பாடும் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகியிருந்தால், மேசையில் யோசிக்க இடம் கிடைக்கிறது. பொருள் புரியாத மனப்பாடம் வீண் என்பதும் உண்மை, பொருள் புரிந்தபின் வேண்டிய மனப்பாடம் வீணல்ல என்பதும் உண்மை.

களஞ்சியத்துக்குள் போனதும் சிந்திக்கொண்டேதான் இருக்கிறது. ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகச் சரிந்தது. மறந்துபோகத் தொடங்கும் நேரத்தில் திரும்ப நினைவுகூர்ந்தால் அடுத்த முறை மறதி தாமதமாகிறது. எனவே ஒரே நாளில் இருபது கழித்தல் கணக்கு கொடுப்பதைவிட, இன்று ஆறு, நாளை மறுநாள் நான்கு, அடுத்த வாரம் நான்கு என்று பிரித்துக் கொடுப்பது மேல். அதோடு, பாடத்தைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது ஆழமாகப் பதிகிறது. வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் "நேற்று பார்த்ததில் நினைவிருப்பதை வெற்றுத்தாளில் எழுதுங்கள், மதிப்பெண் கிடையாது" என்று சொல்லிவிட்டால் போதும், செலவில்லாத வைத்தியம்.

பரிசும் பாராட்டும்

1953இல் நடத்தையியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் பள்ளிக்குச் சென்று, பின்வரிசையில் உட்கார்ந்து கணக்கு வகுப்பைப் பார்த்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள், சிலர் ஒன்றும் புரியாமல் திண்டாடினார்கள், தாம் போட்டது சரியா தவறா என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. அதைக் கண்டு நொந்துபோய்த்தான் அவர் கற்பிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். எந்திரங்கள் காலாவதியாகிவிட்டன. பின்னூட்டம் தாமதமானால் பயன் தேயும் என்ற அவர் கவனிப்பு தொடக்கப் பள்ளியில் இன்றும் செல்லும். மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும் நோட்டில் உள்ள சிவப்புக் குறி பிள்ளைக்கு யாருடையதோ போலத்தான் இருக்கும்.

ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு அந்தச் செயலை மீண்டும் செய்யத் தூண்டினால் அது வலுவூட்டல். இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்மறை வலுவூட்டல் என்பது தண்டனை அல்ல. "சத்தமில்லாமல் முடித்தவர்களுக்கு இன்று வீட்டுப்பாடம் கிடையாது" என்பதுதான் எதிர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்றை விலக்குவதால் நல்ல செயல் வலுப்பெறுகிறது. தண்டனை ஒரு செயலைக் குறைப்பதற்கு. அடுத்தது, எது வலுவூட்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது ஆசிரியரல்லர், பிள்ளை. பென்சிலை உருட்டிச் சத்தம் செய்யும் பையனை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லித் திட்டுகிறோம். நாள் முழுவதும் வேறு எதற்கும் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை என்றால், அந்தத் திட்டுதான் அவனுக்கு வலுவூட்டி.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்பது எப்போதும் உண்மையல்ல. மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகவே ஆசையோடு படம் வரையும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பரிசு ஏதுமில்லாத சாதாரண நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள், ஏறத்தாழ பாதி நேரம். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்த வீழ்ச்சி இல்லை. விளையாட்டு கூலி வேலையாக மாறிவிட்டால் கூலி நின்றதும் வேலையும் நின்றுவிடும். ஏற்கெனவே ஆர்வமுள்ள இடத்தில் நட்சத்திர ஒட்டிகளை வாரி இறைக்காதீர்கள். ஆர்வமே இல்லாத வேலையைத் தொடங்கிவைக்க மட்டும் கொஞ்சம் பயன்படுத்தலாம்.

பாராட்டிலும் இதே சிக்கல். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு புதிரை நன்றாகப் போட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும் சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிரில் தோற்றபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் எளிதில் கைவிட்டார்கள். இதை வைத்து, முயன்றால் திறமை வளரும் என்று நம்பும் 'வளர்ச்சி மனப்பான்மை' என்று சுவரொட்டியெல்லாம் வந்துவிட்டது. பிற்காலப் பெரிய ஆய்வுகளில் அதன் பயன் சிறியதாகவே தெரிகிறது. சுவரொட்டியை விட்டுவிடலாம். "கட்டைப் பிரித்த பிறகு ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினாயே, அதுதான் சரியாக வரக் காரணம்" என்று செய்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

'எனக்குக் கணக்கு வராது' என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தோல்விக்கு மனிதர்கள் எதைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை பெர்னார்ட் வைனர் ஆராய்ந்தார். முயற்சி போதவில்லை, கணக்கு கடினம், அதிர்ஷ்டம் இல்லை, எனக்குத் திறமை இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. அதை மாற்ற முடியாது என்று பிள்ளை நம்புகிறது. 'உன்னால் முடியும்' என்ற உற்சாக வார்த்தை இதை அசைக்காது. ஆல்பர்ட் பண்டூரா தன்திறன் நம்பிக்கை பற்றி எழுதியபோது, அதற்கு வலுவான ஊற்று தானே செய்து வென்ற அனுபவம் என்றார். எனவே அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை, கொஞ்சம் முட்டி மோதினால் வென்றுவிடக்கூடிய ஒரு கணக்கு. மிக எளிதாக இருந்தால் அதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அவமானமும் படும்.

இதோடு ஒன்றைத் தள்ளிவைக்கவும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்லப்படுவதுண்டு. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008இல் நான்கு உளவியலாளர்கள் செய்த மறுஆய்வு காட்டியது. பாடத்துக்கு எது பொருந்துமோ அதைத்தான் பார்க்க வேண்டும். நிலப்படத்தைக் காதால் கற்க முடியாது, பாட்டைக் கண்ணால் கற்க முடியாது, அது எந்தப் பிள்ளையாக இருந்தாலும்.

கடைசியாக, தன் அறிதலைத் தானே கவனிக்கும் அறிதல். 'எனக்கு இது புரிந்ததா? இந்த விடை சரியாக இருக்க முடியுமா?' என்று குழந்தை தன்னையே கேட்டுக்கொள்வது. இது தானாக வருவதில்லை, பழக்க வேண்டும். கழித்தலில் அதற்கு ஒரு நல்ல வழி, விடையையும் கழித்த எண்ணையும் கூட்டிப் பார்ப்பது.

இதைப் பழக்கத் தொடங்கிய நாளில், அதே 45ஐ எழுதியிருந்த ஒரு பையனிடம் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். கூட்டலில் அவன் புலி. 45உம் 17உம் 62 என்று உடனே போட்டுவிட்டான். பிறகு தாளில் இருந்த 62ஐயும் கரும்பலகையில் இருந்த 52ஐயும் மாறி மாறிப் பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மூன்று விநாடி விதி நினைவிருந்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மிகுந்த மரியாதையோடு கையைத் தூக்கி, "சார், போர்டில் நீங்கள் 62 என்று எழுதியிருக்க வேண்டும்" என்றான்.